லெத்தீசியாவின் மூன்றாவது கம்பி

உப்புக் காற்று வீசும் ஊர்களில் எலெக்ட்ரிக் கிட்டாரின் கம்பிக்குப் பதினான்கு நாள் ஆயுள், பதினைந்தாம் நாள் அது துருப்பிடித்து வாசிப்பவரின் விரல்நுனியில் பழுப்புக் கோடு போடும், பதினாறாம் நாள் அதில் எழும் சுரம் ஈரத்துணியில் விழுந்த சோழி மாதிரி விழுந்த இடத்திலேயே கிடக்கும். ஆகவே எங்கள் பனைமுனையில் ஒரே ஒரு சுரம் பத்தொன்பது நாள், எட்டு மணி நேரம், இருபது நிமிடம் இடைவிடாமல் ஒலித்தது என்று சொன்னால், விவரம் தெரிந்த வெளியூர்க்காரர்கள் சுரத்தைச் சந்தேகிப்பதில்லை, கம்பியைத்தான் சந்தேகிக்கிறார்கள். அந்தச் சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். கம்பி புதியது, நிக்கல் பூசியது, அன்று காலை பத்து மணிக்குத்தான் மாட்டப்பட்டது.

மாட்டியவர் மீராசா. கடைத்தெருவில் மீன்வலைக் கடைக்கும் ஐஸ் கடைக்கும் நடுவில் நூர் மியூசிக்கல்ஸ் வைத்திருப்பவர். நாற்பது வருடம் கிட்டார்களை விற்றும் பழுது பார்த்தும் அவர் கண்டடைந்த தத்துவம் ஒன்று உண்டு, கேட்காதவர்களிடமும் அதைச் சொல்வார்: மலிவான கிட்டார் உங்களைக் கெட்ட வாசிப்பாளர் என்று பொய் சொல்லும், விலையுயர்ந்த கிட்டார் நல்ல வாசிப்பாளர் என்று பொய் சொல்லும், நடுத்தர விலைக் கிட்டார் ஒன்றுதான் உள்ளதைச் சொல்லும், அதனால்தான் அதை யாரும் விரும்பி வாங்குவதில்லை. அவர் கடையில் அந்த ஆவணி மாதத்தில் அப்படி உள்ளதைச் சொல்லும் கிட்டார்கள் மூன்று இருந்தன.

வாங்க வந்தது பேரலை இன்னிசைக் குழு. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், மாதா கோயில் திருவிழாவின் பத்தாம் நாள் என்று எல்லாவற்றுக்கும் வாசிக்கும் குழு அது. அதன் தலைவர் வியாகுலம் அண்ணாச்சி பாடுவார், பாடாத நேரத்தில் மற்றவர்களுக்குக் கையசைப்பார். பாட்டின் நடுவே தனித்து முன்னால் ஒலிக்கும் லீடு கிட்டாரை வாசித்தவர் மஸ்கட்டில் கப்பல் வேலைக்குப் போய்விட்டார், போகும்போது தன் சொந்தக் கிட்டாரையும் கொண்டுபோய்விட்டார். எனவே ஒரு கிட்டார் வேண்டும், அதை வாசிக்க ஒரு ஆளும் வேண்டும். ஆளை அண்ணாச்சி ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். அவருடைய அக்கா மகன் கிளாட்வின், சென்னையில் இரண்டு வருடம் முறையாகக் கிட்டார் படித்துவிட்டுக் கட்டைவிரலில் வெள்ளி மோதிரத்தோடு வந்திருந்தான், இருபத்திரண்டு வயது.

குழுவில் ஏற்கெனவே ஒரு கிட்டார் உண்டு, ரிதம் கிட்டார். அதைப் பதினொரு வருடமாக வாசித்துவந்தவள் லெத்தீசியா, எங்கள் எல்லோருக்கும் லெத்தி. பகலில் உப்பளத்து எடைமேடையில் லாரிகளின் எடையைப் படித்துச் சொல்வாள், மாலையில் ரிதம் வாசிப்பாள், இரண்டு வேலைக்கும் வித்தியாசம் அதிகமில்லை என்று அவளே சொல்வாள், இரண்டிலும் மற்றவர்கள் கொண்டுவரும் சுமை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான். ரிதம் வாசிப்பவர் பாட்டு முழுக்க இருப்பார், யார் காதிலும் தனியாக விழமாட்டார். மேடையில் அவளுக்கு இடம் கீபோர்டுக்குப் பின்னால், சீரியல் விளக்கின் வெளிச்சம் முடிகிற இடத்தில். குழுவின் பதினொரு ஆண்டுப் புகைப்படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் லெத்தியின் இடது முழங்கை பதினொரு முறை வந்திருக்கும், மற்ற பாகங்கள் வந்திருக்காது. வீட்டில் மட்டும், மின்சாரம் செருகாத கிட்டாரில், மஸ்கட் போனவர் வாசித்த எல்லா லீடுகளையும் அவர் வாசிக்க மறந்தவற்றையும் அவள் வாசிப்பாள் என்பது அவள் தெருவுக்குத் தெரியும்.

மஸ்கட்காரர் ஊரைவிட்டுப் போன அந்த வாரத்திலேயே அவள் அண்ணாச்சியிடம் போய் லீடு வாசிக்கிறேன் என்று கேட்டாள். அண்ணாச்சி கெட்டவர் இல்லை, சிரித்தார்.

"லீடுன்னா முன்னால வந்து நிக்கணும்ட்டி."

"நிக்கேன்."

"வெளிச்சத்துல நிக்கணும்."

"இருட்டுல நின்னு பழகினவளுக்கு வெளிச்சத்துல நிக்கத் தெரியாதா அண்ணாச்சி?"

அடுத்த வருஷம் பார்ப்போம் என்றார் அவர். அவள் கேட்டதும் அவர் மறுத்ததும் அவ்வளவுதான், ஆனால் அவளுக்கு முப்பத்துநான்கு வயது, அடுத்த வருஷம் என்ற சொல்லை அவள் அவரிடமிருந்து கேட்டது அது நான்காவது முறை.

இனி திரைச் சோதனையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பேரலைக் குழுவுக்கு மட்டும் உரிய வழக்கம். ஒரு காலத்தில் அவர்கள் மதுரைக்குப் போய்ச் செக்கச்செவேலென்று மின்னிய ஒரு கிட்டாரைக் கண்ணால் பார்த்து வாங்கிவந்தார்கள், அது கொசு மாதிரி பாடியது. அன்றிலிருந்து கருவியைக் காதால் மட்டுமே வாங்குவது என்று விதி. கடைக்கு நடுவே அண்ணாச்சி வீட்டம்மாவின் ஊதா நைலக்ஸ் சேலையைக் குறுக்கே கட்டுவார்கள், குழுவினர் ஒரு பக்கம் உட்காருவார்கள், மறுபக்கம் ஒருவர் கருவிகளை ஒவ்வொன்றாக வாசிப்பார். கை மாறினால் ஒலி மாறும் என்பதால் எல்லாக் கருவியையும் ஒரே ஆள் வாசிக்க வேண்டும். பாரபட்சம் வரும் என்பதால் வாங்கப்போகிற கருவியைச் சொந்தமாக வாசிக்கப்போகிறவர் அந்த ஆளாக இருக்கக் கூடாது. கருவிக்குப் பல சுரங்களைச் சேர்த்து மீட்டும் ஒரு கார்டு, விரல் அழுத்தாத ஒரு திறந்த கம்பி, அதற்கு மேல் வித்தை காட்டக் கூடாது. வாங்கிய கருவி அண்ணாச்சி வீட்டில்தான் தூங்க வேண்டும், விதிக்கு முந்திய ரிதம் கிட்டார் மட்டும் லெத்தி வீட்டில். குழுவில் அப்படித்தான் சொல்வார்கள், தூங்குவது என்று. இந்த விதிகளின்படி கிளாட்வின் வாசிக்க முடியாது, ஆகவே லெத்தி வாசிக்க வேண்டும். தனக்குக் கிடைக்காத கிட்டாரை அவளே தேர்ந்தெடுத்துத் தர வேண்டும் என்பதில் என்ன இருக்கிறது என்று விதியை எழுதியவர்கள் யாரும் யோசித்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அவள் ஊதாச் சேலைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

முதல் கிட்டார் நீலம். அதில் கம்பிகளுக்குக் கீழே மூன்று ஒற்றைச் சுருள் பிக்கப்கள். பிக்கப் என்பது ஒரு காந்தமும் அதைச் சுற்றிய தலைமுடியளவு செப்புக் கம்பியும்தான், கம்பி மேலே அசைந்தால் இது கீழே உணர்ந்து ஒலியைப் பெருக்கும் ஆம்ப்புக்குச் சொல்லும். ஒற்றைச் சுருள் கண்ணாடி வளையல் மாதிரி தெளிவாகச் சொல்லும், ஆனால் கூடவே அடுத்த கடை ஐஸ் பெட்டியின் முணுமுணுப்பையும் தலைக்கு மேலிருக்கும் டியூப்லைட்டின் புலம்பலையும் சேர்த்துச் சொல்லிவிடும், எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாத சுபாவம். விரல்கள் ஓடும் கழுத்தான நெக் மெலிந்தது, வார்னிஷ் பூசியது, கை வழுக்கிக்கொண்டு ஓடும், பனைமுனையின் வியர்வை பட்டால் அதே வேகத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாவது அடர்ந்த பழுப்பு. இரட்டைச் சுருள் பிக்கப்கள் இரண்டு. ஒரு சுருள் சொல்லும் இரைச்சலை எதிர்த்திசையில் சுற்றிய மற்றச் சுருள் மறுத்துவிடுவதால் இரைச்சல் அடங்கிவிடும், இரண்டு சம்பந்திகள் எதிரெதிராகப் பேசுவதால் அமைதியாக இருக்கும் வீடுகள் எங்கள் ஊரிலும் உண்டு. டோன் கருப்பட்டிப் பாகு. ஆனால் ஆறு கம்பியையும் ஒன்றாக மீட்டினால் எது எந்தக் கம்பி என்று தெரியாமல் பாகு கட்டிக்கொள்ளும். எடை நாலு கிலோ முன்னூறு, லெத்தி தூக்கிப் பார்த்தே சொன்னாள், மீராசாவின் தராசு பிறகு அதையே சொன்னது.

மூன்றாவது தயிராடையின் நிறம். கம்பிகள் வந்து முடியும் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு இரட்டைச் சுருள், நெக்குக்குப் பக்கத்தில் ஒரு ஒற்றைச் சுருள், எந்தக் கட்சியிலும் சேராதது. அதன் நெக் வார்னிஷ் இல்லாத வெறும் மரம், உலக்கையை நீளவாட்டில் பாதியாக அறுத்தது மாதிரி பருமன். வந்தவர்கள் எல்லோரும் பிடித்துப் பார்த்துவிட்டு இது என்ன கிரிக்கெட் மட்டையா என்று கேட்டுத் திருப்பித் தந்ததால் இரண்டு வருடமாக மீராசா அதன் கழுத்தில் நாள்காட்டியைத் தொங்கவிட்டிருந்தார். லெத்தியின் உள்ளங்கை அகலம். மெல்லிய நெக் எதைப் பிடித்தாலும் அவள் கட்டைவிரலுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு காலியிடம் இருக்கும், அதைப் பதினொரு வருடமாகத் தன் கையின் குறை என்று நினைத்திருந்தாள். இந்த நெக்கைப் பிடித்தபோது காலியிடம் இல்லை.

அதனால்தான் விதியை மீறினாள் என்று நினைக்கிறேன். முதல் இரண்டு கிட்டாரிலும் ஒரு கார்டு, ஒரு திறந்த கம்பி என்று ஒழுங்காக வாசித்தவள், மூன்றாவதில் அவை இரண்டும் முடிந்த பிறகு, மூன்றாவது கம்பியில், நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கட்டங்களில் ஏழாவதான ஏழாவது ஃப்ரெட்டில் விரலை வைத்து ஒரே ஒரு சுரத்தை மீட்டினாள். நம் ஆர்மோனியக் கணக்கில் சரியாக இரண்டு கட்டை. நேரம் பதினொன்று இருபது.

சேலைக்கு இந்தப்பக்கம் அவர்கள் சுரம் அடங்கக் காத்திருந்தார்கள். ஒலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது கிட்டாருக்கு முக்கியமான பரீட்சை, அண்ணாச்சி வாய்க்குள் எண்ணுவார். நீலத்துக்கு ஐந்து, பழுப்புக்கு ஒன்பது. இதற்கு அறுபது வரை எண்ணி, மறந்துவிட்டதாக நினைத்து மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினார். டிரம்ஸ் வாசிப்பவர் எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"போதும்ட்டி லெத்தி, கைய எடு" என்றார் அண்ணாச்சி.

"கைய எடுத்து அஞ்சு நிமிஷம் ஆச்சு அண்ணாச்சி."

சேலையை விலக்கினார்கள். அவள் இரண்டு உள்ளங்கைகளையும் முழங்கால்மேல் மலர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கிட்டார் ஸ்டாண்டில் நின்றது, கம்பி அசையவில்லை, சுரம் ஒலித்துக்கொண்டிருந்தது. மீராசா ஆம்ப்பை அணைத்தார், வயரைப் பிடுங்கினார், ஒரு ஒழுங்குக்காக மெயினையும் அணைத்தார். அடுத்த வீட்டில் தண்ணீர்க் குழாய் திறந்திருப்பது போன்ற அளவில், அதைவிடக் கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல், அது ஒலித்தது. அண்ணாச்சி சற்று நேரம் கேட்டுவிட்டுத் தலையசைத்தார்.

"நல்ல பிக்கப்" என்றார், அதையே வாங்கினார்கள்.

பேரலைக் குழு செய்த பிழை இதுதான், அவர்களைத் தவிர வேறு யாரும் இதைச் செய்திருக்க முடியாது. எதையும் கண்ணால் நம்பாமல் காதால் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொண்டவர்கள், சேலைக்குப் பின்னால் ஒரு கிட்டார் இருக்கிறது என்பதை நினைவில் வைத்திருந்தார்கள், ஒரு ஆளும் இருக்கிறாள் என்பதை மறந்துவிட்டார்கள்.

கிட்டார் அண்ணாச்சி வீட்டுக்குத் தூங்கப் போனது, சுரமும் போனது, ஆனால் கடைத்தெருவிலும் அது குறையவில்லை. மறுநாள் உப்பளத்திலும் கேட்டது, அதற்கு மறுநாள் மீன்பிடித் துறையிலும். ஊர் எல்லையான பனைமரத்தைத் தாண்டினால் கேட்கவில்லை. முதல் நாள் எல்லோரும் அவரவர் வீட்டு மிக்சியைச் சந்தேகித்தார்கள், இரண்டாம் நாள் அது லெத்தியின் சத்தம் என்று தெரிந்துவிட்டது, மூன்றாம் நாள் அதோடு வாழத் தொடங்கிவிட்டார்கள். அம்மன் கோயில் நாதஸ்வரக்காரர் இரண்டரைக் கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்கு இறங்கிவந்தார், நெஞ்சுக்கு இதுதான் இதமாக இருக்கிறது என்றார். மாதா கோயில் ஆர்மோனியம் நாற்பது வருடமாகக் கால் கட்டை இறங்கி இருந்தது தெரியவந்தது, அதற்கேற்பவே பாடிப் பழகியிருந்த பாடகர் குழு சரியான சுருதியில் முதல்முறை பாடியபோது சிலருக்கு ஜலதோஷம் பிடித்தது போல் இருந்ததாம். பள்ளிவாசலில் பாங்கு சொல்கிறவர் அதற்கு ஒரு ஐந்தாம் சுரம் மேலே எடுத்துக்கொண்டார், இரண்டும் இடித்துக்கொள்ளாமல் போய்வந்தன. துறையில் மீன் ஏலம் போடுபவர் அந்தச் சுரத்திலேயே ஏலம் போட்டார், தொண்டை கட்டுவது நின்றுவிட்டது. புருஷன் பெண்டாட்டிச் சண்டைகள் தாமாகவே இரண்டு கட்டையில் தொடங்கி, அதிலிருந்து மேலே போக வெட்கப்பட்டு, அங்கேயே முடிந்தன. பக்கத்து ஊர்க்காரர் வழி கேட்டால் பனைமரத்துல சத்தம் நிக்கும், அங்கன இருந்து இடப்பக்கம் என்று சொன்னோம்.

உப்பு விஷயத்தையும் சொல்ல வேண்டும், அது அற்புதமில்லை, பள்ளிக்கூட இயற்பியல். தகடு நடுங்கினால் அதன்மேல் இருக்கும் துகள்கள் நடுங்காத இடங்களுக்கு நகர்ந்து கோடுகளாக நிற்கும். எங்கள் ஊரில் உப்பு இல்லாத தகடு கிடையாது. பாக்கெட் போடும் கொட்டகையின் தகரத் தட்டுகளில், டீக்கடை மேசையில், மதியச் சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் வைத்த உப்பில் எல்லாம் நட்சத்திரங்களும் எட்டிதழ்ப் பூக்களும் விழுந்தன. தட்டின் அளவு மாறினால் பூ மாறும். பெண்கள் அதைப் பார்த்துக் கோலம் போட்டார்கள், புள்ளி வைக்காத கோலம் பனைமுனையில் அன்று தொடங்கியதுதான். நகராட்சி மட்டும் ஒலி மாசு என்று ஒரு நோட்டீஸ் எழுதியது, ஒலிபெருக்கியின் திறன் என்ற கட்டத்தில் நிரப்ப ஒன்றும் கிடைக்காமல் அது அலுவலகத்திலேயே தங்கிவிட்டது.

அந்தச் சத்தம் ஒரே ஒரு வீட்டில்தான் தொந்தரவாக இருந்தது. கிளாட்வின் கிட்டாரை எடுத்து வாசித்தபோது ஐந்து கம்பிகள் ஒலித்தன, மூன்றாவது கம்பி ஒலிக்கவில்லை. எந்த ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டினாலும் கதவைத் தட்டுவது மாதிரி டொக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், அதனுடைய ஒலி ஏற்கெனவே வெளியே போயிருந்தது. கம்பியை மாற்றினார்கள், புதுக்கம்பியும் ஊமையாக இருந்தது. பிக்கப்பைக் கழற்றி நீலக் கிட்டாரில் மாட்டிப் பார்த்தார்கள், நீலக் கிட்டாருக்கு ஐஸ் பெட்டியின் முணுமுணுப்பு போயிற்று, வேறு மாற்றம் இல்லை. கிளாட்வின் நெக்கைக் குறை சொன்னான், பிறகு பாலத்தைக் குறை சொன்னான், பிறகு ஒன்றையும் குறை சொல்லாமல் ஐந்து கம்பியில் பயிற்சி செய்யத் தொடங்கினான், அதில் ஒரு நேர்மை இருந்தது. மூன்றாவது கம்பி இல்லாத லீடு கிட்டார் என்பது முன்பல் இரண்டும் இல்லாத பாடகர் மாதிரி.

ஆறாம் நாள் மாலை அண்ணாச்சி லெத்தியைக் கூப்பிட்டுவிட்டார். கூடத்தில் மீராசாவும் கிளாட்வினும் இருந்தார்கள். கிட்டார் சோபாவில் படுத்திருந்தது. ஒலிக்கிற கம்பியை உள்ளங்கை வைத்து அமர்த்துவதுதானே வழக்கம், நாங்கள் எல்லோரும் வைத்துப் பார்த்தாயிற்று, நீயும் வைத்துப் பார் என்றார் அண்ணாச்சி. லெத்தி குனிந்து கையைக் கொண்டுபோனாள். உள்ளங்கை கம்பிக்கு அரை அங்குலம் மேலே வந்தபோது சுரம் தணிந்தது. தெருவில் ஒரு சைக்கிள் நின்றது, எதிர்வீட்டுக் குழந்தை விழித்து அழுதது, கூடத்து மேசையில் உப்புக் கிண்ணத்தில் இருந்த பூவில் ஒரு இதழ் உதிர்ந்தது. அவள் கையை எடுத்துக்கொண்டாள், சுரம் பழைய அளவுக்கு வந்தது.

அதை அமர்த்த அவள் கையால் மட்டுமே முடியும் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. முதலில் புரிந்தது அவளுக்குத்தான்.

"வையிட்டி" என்றார் அண்ணாச்சி.

அவள் வைக்கவில்லை. வைத்தால் என்ன ஆகும் என்று நிதானமாகச் சொன்னாள்: மூன்றாவது கம்பி திரும்பி வரும், கிளாட்வின் ஆறு கம்பியில் வாசிப்பான், பத்து நாள் கழித்து ஊரில் எல்லோரும் ஒரு காலத்தில் நல்ல பிக்கப் ஒன்று இருந்தது என்று பேசிக்கொள்வார்கள், அவள் முழங்கை பன்னிரண்டாவது முறை புகைப்படத்தில் வரும். அண்ணாச்சி யோசித்தார். கீபோர்டுக்கு முன்னால் வந்து நின்றுகொள் என்றார். இரண்டாவது லீடு என்று ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்றார். கிளாட்வின் தன் மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தான். கடைசியில் அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு, அவருக்கு அது எளிதாக இருக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும், சரி, லீடையே வைத்துக்கொள், சத்தத்தை மட்டும் நிறுத்து என்றார்.

அவள் கேட்டது அதுதான். நான்கு அடுத்த வருஷங்களாகக் கேட்டது. மீராசா நிம்மதியாக மூச்சுவிட்டு எழுந்தே விட்டார்.

"சத்தத்தை நிறுத்துததுக்குக் கூலியா லீடு வேண்டாம் அண்ணாச்சி" என்றாள் லெத்தி. "வாசிச்சதுக்குத் தாங்க."

"ரெண்டும் ஒண்ணுதானட்டி?"

"ரெண்டும் ஒண்ணுன்னா எதுக்கு யோசிக்கிய? வாசிச்சதுக்குன்னு சொல்லிட்டே தாங்க."

அவர் சொல்லவில்லை. சொன்னால், அந்த வெள்ளிக்கிழமை நல்ல பிக்கப் என்று சொன்ன தன் காதைத் திருத்த வேண்டும், முப்பது வருடமாக அவர் ஊரில் பெருமைப்பட்டுக்கொண்டது அந்தக் காதைப் பற்றித்தான். மறுநாள் ரிதம் கிட்டாரை அவள் வீட்டிலிருந்து எடுத்துவரச் சொல்லி ஆள் அனுப்பினார், அவளைக் குழுவிலிருந்தும் எடுத்தார். அவள் கிட்டாரைத் துடைத்து, கம்பிகளை எண்ணெய்த் துணியால் நீவி, உறையில் போட்டுக் கொடுத்தனுப்பினாள். பிறகு எடைமேடைக்குப் போனாள்.

அதற்குப்பின் பன்னிரண்டு நாள் ஊரில் பாதி அவளிடம் தூது போனது. திருவிழாக் கச்சேரி கெட்டுவிடுமே என்றார்கள், நான் கெடுக்கவில்லையே என்றாள். பெண்பிள்ளைக்கு இவ்வளவு பிடிவாதம் ஆகாது என்றார் உப்பள முதலாளி, நாற்பது டன் லாரியை முப்பத்தெட்டு என்று எழுதச் சொன்னபோதும் இதையேதான் சொன்னீர்கள் என்று அவள் நினைவுபடுத்தினாள். ஐஸ் கடைக்காரர், உள்ளதைச் சொல்வதென்றால், சத்தம் நின்றுவிடுமோ என்று பயந்து தூது போனார், இரண்டு வருடமாகத் தூங்காத அவருடைய மாமியார் அப்போதுதான் தூங்கத் தொடங்கியிருந்தார். மீராசா ஒருவர்தான் எதுவும் கேட்காமல் எடைமேடைக்கு வந்து உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். போகும்போது சொன்னார்:

"அந்தக் கிட்டாரு என் கடையில ரெண்டு வருஷம் தொங்கிச்சு தங்கச்சி. ஒரு நாள் ஒரு சுரம் நீட்டினதில்ல. நீட்டினது உன் கைதான். இத நான் வெளியில சொன்னா மிச்சம் ரெண்டு கிட்டார் விக்காது."

"சொல்லாதீங்க பாய்."

"சொல்லிட்டேன். நேத்தே. டீக்கடையில வச்சு."

பத்தாம் திருவிழா புதன்கிழமை வந்தது. மாலை ஆறரைக்குக் கோயில் மைதானத்தில் கச்சேரி தொடங்கியது. ஊரெல்லாம் இரண்டு கட்டை ஒலித்துக்கொண்டிருக்கும்போது நாலரைக் கட்டையில் பாட முடியாது, ஆகவே எல்லாப் பாட்டையும் இரண்டு கட்டைக்கோ அதற்கு இசைவான இடத்துக்கோ மாற்றி வைத்திருந்தார்கள், பெண்குரல் பாட்டுகள் சற்று ஆண்குரலாகவும் குத்துப்பாட்டுகள் சற்று பக்திப்பாட்டாகவும் ஆயின. லெத்தி மூன்றாவது வரிசையில் ஐஸ் கடைக்காரரின் மாமியாருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள், எடைமேடை வேலைக்குக் கட்டும் பச்சைச் சேலையிலேயே வந்திருந்தாள். கிளாட்வின் தயிராடை நிறக் கிட்டாரை மாட்டிக்கொண்டு வெளிச்சத்தில் நின்றான். ஐந்து கம்பியில் ஒரு மனிதன் எவ்வளவு வாசிக்க முடியுமோ அவ்வளவும் வாசித்தான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவன் எதை வாசித்தாலும், எவ்வளவு வேகமாக வாசித்தாலும், அது அந்த ஒற்றைச் சுரத்துக்குப் பின்னால் நின்று துணைக்கு வாசிப்பது போலவே கேட்டது. மேடையில் ஒன்பது பேர் இருந்தார்கள், ஒன்பது பேரும் மூன்றாவது வரிசைக்கு ரிதம் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாவது பாட்டின் நடுவில் லீடு வரவேண்டிய இடத்தில் கிளாட்வின் வாசிக்காமல் நின்றான். டிரம்ஸ் நான்கு சுற்று தனியாகப் போய்ப் பிறகு அதுவும் நின்றது. அவன் மைக்குக்கு முன்னால் வந்தான்.

"மாமா, எங்கிட்ட அஞ்சு கம்பிதான் இருக்கு" என்றான். "ஆறாவது அங்க உக்காந்திருக்கு."

மைதானம் முழுக்க ஒலிபெருக்கி இருந்ததால் அண்ணாச்சிக்குக் கேட்காதது போல் இருக்க வழியில்லை. அவர் கிளாட்வினைப் பார்த்தார், மூன்றாவது வரிசையைப் பார்த்தார், தன் காதை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டதை முன்வரிசையில் இருந்தவர்கள் கண்டார்கள். பிறகு மருமகனின் தோளிலிருந்து கிட்டாரைத் தன் கையாலேயே கழற்றி, மேடைப் படிகளில் இறங்கி, முதல் இரண்டு வரிசை நாற்காலிகளை விலக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் நின்றார். அவருக்கு வியர்த்திருந்தது.

"அன்னைக்கு வாசிச்சது நீதாம்ட்டி" என்றார். "பிக்கப் இல்ல. வந்து வாசி."

"சத்தம்?"

"அது உன் பாடு."

அவள் எழுந்து கிட்டாரை வாங்கி மாட்டிக்கொண்டாள். மேடையேறி, கீபோர்டுக்குப் பின்னால் பழக்கத்தில் இரண்டடி போனவள், நின்று, திரும்பி, வெளிச்சத்துக்கு வந்தாள். இடது கை நெக்கைப் பிடித்தது. வலது உள்ளங்கையைக் கம்பிகளின்மேல் கொண்டுபோனபோது சுரம் தணிய ஆரம்பித்தது, மைதானத்தில் பலர் எழுந்து நின்றார்கள், வேண்டாம் லெத்தி என்று ஐஸ் கடைக்காரரின் மாமியார் தெளிவாகச் சொன்னார். அண்ணாச்சியே, கீழே நின்றபடி, வைக்க வேண்டாம் என்பது போலக் கையை அசைத்தார், இந்தப் பத்தொன்பது நாளில் அவருக்கும் அது பழகிப்போயிருந்தது.

"நீங்க சொன்னப்ப வைக்கல. இப்பயும் நீங்க சொல்லுதீயன்னு விட முடியாது" என்றாள் லெத்தி. "அந்தக் கம்பி எனக்கு வேணும்."

உள்ளங்கையை வைத்தாள். ஏழு நாற்பதுக்கு நின்றது.

பனைமுனை அதற்கு முன் அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை, அதற்குப் பின்னும் இல்லை. கடல் இருப்பது நினைவுக்கு வந்தது. ஜெனரேட்டர் இருப்பது நினைவுக்கு வந்தது. ஊரிலுள்ள எல்லாத் தட்டுகளிலும் உப்பு கோடுகளை விட்டு மெல்லச் சரிந்து வெறும் உப்பாயிற்று. நானூறு பேர் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அப்போது அவள் வாசிக்கத் தொடங்கினாள், நாலரைக் கட்டையில், ஆறு கம்பியிலும். என்ன வாசித்தாள் என்று என்னால் எழுத முடியாது, டோனைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டுமானால் எழுதலாம். எண்ணிப் பார்த்தவன் என்ற முறையில் ஒன்று மட்டும் சொல்வேன்: அன்று அவள் வாசித்த எந்தச் சுரமும் ஆறு விநாடிக்கு மேல் நிற்கவில்லை. உப்புக் காற்றில் எல்லாச் சுரமும் அவ்வளவுதான் நிற்கும், அடுத்ததை வாசிக்க வேண்டியதுதான், அவள் அடுத்ததை வாசித்தாள், அதற்கடுத்ததையும் வாசித்தாள். கிளாட்வின் பெட்டியிலிருந்து ரிதம் கிட்டாரை எடுத்துக்கொண்டு கீபோர்டுக்குப் பின்னால் போய் நின்று, அவள் கொண்டுபோகிற இடமெல்லாம் கூடவே போனான். அங்கிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்று அவனுக்கு அன்றுதான் தெரிந்தது, சீரியல் விளக்கின் முதுகு.

ஒன்பது மணிக்குக் கச்சேரி முடிந்தது. வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தபோது லெத்தி கிட்டாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். வேனில் சாமான்களை எண்ணிக்கொண்டிருந்த அண்ணாச்சி நிமிர்ந்தார்.

"ஏட்டி, குழு சாமான் எங்க வீட்டுலதான தூங்கும்?"

"உங்க வீட்டுல பத்தொன்பது நாளா அது தூங்கல அண்ணாச்சி" என்றாள் அவள் நிற்காமல். "என் வீட்டுல தூங்கட்டும்."

அந்த ஆண்டுப் புகைப்படம் மீராசாவின் கடையில், முன்பு அந்தக் கிட்டாரும் நாள்காட்டியும் தொங்கிய ஆணியில் மாட்டியிருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். நடுவில் லெத்தி நிற்கிறாள், பச்சைச் சேலை, அகலமான கை, பருமனான நெக். இடது ஓரத்தில் ஒரு முழங்கை வந்திருக்கிறது. அது அண்ணாச்சியுடையது என்று அவரே கடைக்கு வருகிறவர்களிடம் காட்டுகிறார்.